கண்வலி என்று மட்டும் சொல்லும் அப்பா

எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குக் கீழே, ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கும். 1966-ல் பழனி அடிவாரத்து ஸ்டுடியோவில் எடுத்தது. அப்பாரு துண்டை மடித்துத் தோளில் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அப்பத்தா பக்கத்தில் நிற்கிறார். நடுவில் பத்து வயதுப் பையனாக அப்பா, மொட்டைத் தலையோடு. பழனிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டில் இப்படி ஒரு படம் இல்லாவிட்டால்தான் அதிசயம். ஆனால் அதில் ஒன்று மட்டும் சின்ன வயதிலிருந்து எனக்கு உறுத்தும். அப்பாவுக்குப் புருவமே இல்லை. பழைய படம், வெளுத்துப் போயிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். அப்பாருக்கும் அப்பத்தாவுக்கும் புருவம் கருகருவென்று இருப்பதைப் பார்த்தும் அதற்கு மேல் யோசித்ததில்லை.

போன புரட்டாசியில் அப்பாவுக்கு வலது கால் பெருவிரல் ராத்திரியோடு ராத்திரியாக வீங்கிவிட்டது. போர்வை நுனி பட்டால்கூட உயிர் போகிற வலி. டாக்டர் பார்த்துவிட்டு, இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருக்கிறது, கௌட் என்றார். கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டபின், கால்சிசின் அரை மில்லிகிராம், காலையில் ஒன்று இரவில் ஒன்று, ஐந்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தார். நான் மருந்தாளுநர். பத்தொன்பது வருடமாகத் திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. தண்ணீர் சொம்பையும் மாத்திரையையும் நீட்டியபடி சொன்னேன்: "அப்பா, இது எதுல இருந்து எடுக்கறாங்க தெரியுங்களா? நம்ம காட்டு விதையில இருந்துதானுங்க. நீங்க வெளைய வெச்சது, எங்கெங்கயோ சுத்தி உங்க காலுக்கே வந்திருக்குது."

மாத்திரையை வாங்க நீண்ட கை அப்படியே நின்றுவிட்டது. "கண்வலியா?" என்றார். ஆமாங்க என்றேன். "எனக்கு வேண்டாம் கண்ணு" என்று கையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தக் கொடியை நட்டு, கொடிக்குப் பந்தல் கட்டி, அந்த விதையை விற்று என்னையும் தம்பியையும் படிக்க வைத்தவர். அவருக்கு அதன்மேல் என்ன கோபம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

பார்த்தால் கண் வலிக்கும்

ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் அதற்குக் கண்வலிக்கிழங்கு என்று பெயர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் செங்காந்தள், மாநில மலர். வேறு பக்கங்களில் கலப்பைக்கிழங்கு. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. ஈழத்தில் அந்தப் பெயரோடு மாவீரர் நினைவும் சேர்ந்துவிட்டது. கேரளத்தில் மேந்தோன்னி. சிங்களத்தில் நியங்கலா. ஒரே செடிக்கு இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்றால், அதைக் கண்டவர்கள் யாரும் பேசாமல் கடந்து போகவில்லை என்று அர்த்தம்.

பூவை உற்றுப் பார்த்தால் கண் வலி வரும் என்றுதான் அப்பத்தா சொல்லி வளர்த்தார். பிற்பாடு, மருந்தியல் படிக்கும் திமிரில், "பார்த்தா எப்படி அப்பத்தா கண்ணு வலிக்கும்?" என்று கேட்டிருக்கிறேன். அப்பத்தா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அந்தப் பூவைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதே என்று ஏன் சொன்னார்கள் என்று. ஆறு இதழும் பின்பக்கமாக மடிந்து மேல்நோக்கி எழும்பி, ஓரமெல்லாம் நெளிநெளியாக, காற்றில் சாய்ந்த தீச்சுடர் மாதிரியே இருக்கும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும். கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறத்திலும் பூ நிற்கும். இலைகூடச் சும்மா இருக்காது. நுனி சுருண்டு கம்பியாகி, பக்கத்தில் இருக்கிற குச்சியைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் குழந்தைதான் கை வைக்காமல் வரும்? பார்க்கவே கூடாது என்றால்தான் பறிக்காது. பறித்தால் கொடியை இழுக்கும், இழுத்தால் கிழங்கு வரும். கண் வலிக்கும் என்று சொன்னவர்கள் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டதாக எனக்கு இப்போது தோன்றவில்லை.

காந்தள் என்ற பழம்பெயரிலேயே எனக்கு ஒரு பிடி கிடைத்தது, அதுவும் கடையில்தான். வயதான அம்மா ஒருவர் வந்து, "வயிறு காந்துது, ஒரு மாத்திரை கொடு" என்றார். கொடுத்து அனுப்பிய பிறகு அந்தச் சொல் மட்டும் என்னோடு நின்றுவிட்டது. காந்துதல் என்றால் எரிதல். புண்ணில் மருந்து பட்டால் காந்தும், சோறு அடிப்பிடித்தால் காந்தல். தீயின் ஒளியும் அந்தச் சொல்லில் இருக்கிறது, எரிச்சலும் இருக்கிறது. காந்தள் என்ற பெயர் சுடர் போன்ற பூவினால் வந்தது என்பார்கள். அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கிழங்கைத் தின்றவனுக்கு முதலில் வாயும் தொண்டையும் காந்தும், பிறகு வயிறு காந்தும். பேர் வைத்தவர்கள் பூவை மட்டும் பார்த்தார்களா, தின்றவனையும் பார்த்தார்களா என்று சொல்ல யாரும் இல்லை. எனக்கு அந்தச் சொல்லில் இரண்டும் கேட்கிறது.

சங்கப் பாட்டுக்காரர்கள் அதில் இரத்தத்தைப் பார்த்தார்கள். குறுந்தொகையின் முதல் பாட்டு முருகன் அசுரரைக் கொன்று களம் சிவந்ததைச் சொல்லி, "குருதிப் பூவின் குலைக்காந்தட்டே" என்று முடிகிறது. முல்லைப்பாட்டில் "தோன்றி குருதி பூப்ப" என்று வருகிற தோன்றியும் இந்தச் செங்காந்தள்தான் என்பார்கள். மேந்தோன்னிக்குள் அந்தத் தோன்றி இன்னும் உயிரோடு இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூவை அடுக்கும்போது "ஒண்செங் காந்தள்" என்றுதான் தொடங்குகிறார். திருமுருகாற்றுப்படை "சுரும்பும் மூசாச் சுடர்ப்பூங் காந்தள்" என்கிறது, வண்டும் மொய்க்காத பூவாம். குறுந்தொகையிலேயே இன்னொரு பாட்டு காந்தளின் தாதை ஊதும் தும்பியைக் காட்டுகிறது. இரண்டு பேருமே பூவைப் பார்த்தவர்கள்தான் என்று எங்கள் காட்டில் வேலை செய்தவள் என்ற முறையில் நான் சொல்வேன். வண்டும் பட்டாம்பூச்சியும் வரத்தான் வரும். ஆனால் சூல்தண்டு அடியிலேயே செங்குத்தாக மடிந்து, மகரந்தப் பைகளை விட்டு விலகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டு வந்து போனாலும் மகரந்தம் உரிய இடத்தில் ஒட்டுவது கொஞ்சம்தான். அதனால் காய் பிடிக்க வேண்டுமென்றால் காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள் ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டுவிட வேண்டும். லீவு நாளில் எனக்கும் அந்த வேலை உண்டு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினால்தான் அப்பா சோற்றுத் தட்டைத் தொட விடுவார். மஞ்சள் தூள் நகக்கண்ணில் இருக்கிறதா என்று விரல் விரலாகப் பிடித்துப் பார்ப்பார். மற்ற தோட்டத்துப் பிள்ளைகளின் அப்பாமார் இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

விரல்

கலப்பைக்கிழங்கு என்ற பெயர் நேரானது. கிழங்கு இரண்டாகக் கிளைத்து வளைந்து, ஏரை மண்ணிலிருந்து எடுத்து வைத்த மாதிரி இருக்கும். வடமொழியில் அதற்கு லாங்கலி. லாங்கலம் என்றாலும் ஏர்தான். அந்தச் சொல்லே வடமொழிக்கு வெளியிலிருந்து போயிருக்க வேண்டும் என்று மொழியியலார் பலர் கருதுகிறார்கள். நம்முடைய நாஞ்சிலுக்கும் அதற்கும் உறவு உண்டா என்ற பேச்சும் நெடுநாளாக இருக்கிறது. ஆயுர்வேதத்தில் உபவிஷங்களில் ஒன்றாக அதை வைத்திருக்கிறார்கள். அக்னிசிகை, அதாவது தீக்கொழுந்து, என்றும் விசல்யை, தைத்ததை வெளியேற்றுவது, என்றும் பேர் உண்டு. கருவைக் கலைப்பது என்று பொருள்படும் பேரும் உண்டு. பிரசவம் தாமதமானாலோ நஞ்சுக்கொடி விழாவிட்டாலோ, அரைத்த விழுதை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வெளிப்பூச்சாகப் பூசுவது பழைய மருத்துவச்சிகளின் வழக்கம். வெளிப்பூச்சு என்பதைக் கவனிக்க வேண்டும். உள்மருந்தில் சேர்க்க நேர்ந்தால் கிழங்கைச் சீவி, உப்பிட்ட மோரில் நாள் கணக்கில் ஊறப்போட்டுக் காயவைத்துச் சுத்தி செய்தார்கள். அதற்கும் குரு வேண்டும், கைப்பழக்கம் வேண்டும். இன்றைக்கு வாட்ஸப்பில் வருகிற "பாட்டி வைத்தியம்" குருவையும் சுத்தியையும் விட்டுவிட்டு, மூட்டு வலிக்கு இன்ன கிழங்கு என்று மட்டும் சொல்கிறது. கடைக்கு வந்து அதைக் காட்டிக் கேட்பவர்களிடம் நான் கைகூப்பித்தான் சொல்கிறேன்: இந்தச் செடியில் விஷமில்லாத பாகம் கிடையாது. இதற்கு என்று ஒரு முறிமருந்தும் எங்கள் அலமாரியில் கிடையாது.

கால்சிசின் என்ற பேர் இந்தச் செடியிலிருந்து வரவில்லை. கருங்கடலின் கிழக்குக் கரையில், இப்போது ஜார்ஜியா இருக்கிற இடத்தில், கொல்கிஸ் என்று ஒரு பழைய நாடு. கிரேக்கக் கதைகளில் நஞ்சும் மருந்தும் கலக்கத் தெரிந்த மெதேயாவின் ஊர் அது. இலையுதிர் காலத்தில் ஊதா நிறத்தில் பூக்கும் ஒரு செடிக்கு அந்த நாட்டின் பேரால் கால்சிகம் என்று பெயரிட்டார்கள். 1820-ல் பெல்லெத்தியே, காவந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலார் அதிலிருந்து இந்த நஞ்சைப் பிரித்தார்கள். அதே ஆண்டு சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் அவர்கள்தான். செடிக்கு நாட்டின் பேர், மருந்துக்குச் செடியின் பேர். அதே நஞ்சு எங்கள் செம்மண்ணில் இன்னொரு செடிக்குள் இருந்தது பிறகு தெரிந்தது. செடிகளுக்கெல்லாம் பேர் வைத்த தாவரவியலார் லின்னேயஸ் 1753-ல் நம் காந்தளுக்கு குளோரியோசா சுபெர்பா, புகழும் பெருமிதமும் உள்ளது, என்று அதன் அழகை மட்டும் பார்த்துப் பேர் வைத்திருந்தார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது வேறொன்றைப் படித்தபோது. அந்தக் கால்சிகம் வகைக் கிழங்கை ஆறாம் நூற்றாண்டிலேயே மூட்டு வாதத்துக்குக் கொடுத்த கிரேக்க மருத்துவர்கள் அதை ஹெர்மொடாக்டில் என்றார்களாம். ஹெர்மெஸ் தேவனின் விரல் என்று அர்த்தம். யூனானிக்காரர்களிடம் அது சூரிஞ்சான். இங்கே நம் புலவர்கள் பெண்ணின் விரலைக் காந்தள் விரல் என்று ஓயாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கெங்கோ இருந்த இரண்டு ஊர்க்காரர்கள், ஒரே நஞ்சு இருந்த இரண்டு செடிகளைப் பார்த்து, ஒருவன் கிழங்கிலும் ஒருவன் பூவிலுமாக விரலைக் கண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தற்செயல்தான். ஆனாலும் அப்பாவின் வீங்கிய பெருவிரலைப் பார்த்தபோது அது எனக்கு நினைவுக்கு வந்தது.

புருவம்

மாத்திரை வேண்டாம் என்று சொன்ன அன்று ராத்திரி, பதினொரு மணி இருக்கும், அப்பா கூப்பிட்டார். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். வலியில் நெற்றி வேர்த்திருந்தது. "அந்தப் படத்துல எனக்கு இருக்கறது முடி எடுத்த மொட்டையில்ல கண்ணு" என்றார்.

அவருக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். கிளுவை வேலியை வெட்டிச் சரிபண்ணும்போது கொடியோடு கிழங்குகள் வந்திருக்கின்றன. வேலியோரம் குப்பைக்குத் தீ வைத்திருந்தார்கள். அந்த வாரம்தான் சந்தையிலிருந்து சர்க்கரைவள்ளி வாங்கி வந்து, சாம்பலில் சுட்டுத் தின்றிருந்தார்கள். தோலைச் சுரண்டினால் இதுவும் வெள்ளையாகத்தான் இருந்தது. யாரோ ஒரு வேலையாள் போகிற போக்கில் "கண்வலிக்கிழங்குடா அது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தம்பிக்குக் காதில் விழுந்தது கிழங்கு என்ற சொல். அப்பா ஒரு கடி கடித்துவிட்டு, கசந்ததும் துப்பிவிட்டார், கொஞ்சம் உள்ளே போய்விட்டது. தம்பி பசியோடு இருந்தான். முழுசாகத் தின்றுவிட்டான்.

சாயந்திரம் வரை ஒன்றும் இல்லை. விளையாடினார்கள். பொழுது இறங்கிய பிறகு வாந்தி, பேதி, வாயெல்லாம் எரிச்சல். மாட்டு வண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இரண்டு பேருமே கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தார்களாம், அப்பத்தா கஞ்சி ஊட்டினாராம். மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான். அப்பா பிழைத்தார். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, காலையில் எழுந்தால் பாயெல்லாம் முடி. தலையைத் தடவினால் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. புருவமும் போய்விட்டது. பிழைத்ததற்குப் பழனிக்கு நேர்ந்திருந்ததால் கூட்டிப்போனார்கள். நாவிதர் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எடுக்க முடியே இல்லை என்று தயங்கியிருக்கிறார். அப்பாரு சொன்னதால் வெறும் தலையில் தண்ணீர் தெளித்து, கத்தியை ஒரு தடவை மேலே ஓட்டிவிட்டு விட்டாராம். பிறகுதான் அந்தப் படம். அன்றிலிருந்து அது பழனி மொட்டை. அப்பத்தா சாகும்வரை சின்ன மகன் பேரைச் சொல்லவில்லை. வீட்டில் யாரும் சொல்லவில்லை.

நான் உட்கார்ந்திருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பாடமாகப் படித்ததெல்லாம் அப்போது வந்து வரிசையாக நின்றது. நம் உடம்பின் செல் இரண்டாகப் பிரியும்போது, உள்ளே நூல் போன்ற குழல்கள் கட்டிக்கொண்டு குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும். கால்சிசின் அந்த நூல் கட்டவிடாமல் செய்துவிடும். எங்கே செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அங்கேதான் அடி விழும். முதலில் குடல், பிறகு எலும்பு மஜ்ஜை, தப்பிப் பிழைத்தவனுக்கு முடிவேர். மறுநாள் தெளிந்த மாதிரி இருந்து பிறகு கவிழ்த்துவிடுவதும், பத்து நாள் கழித்து முடி கொட்டுவதும் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. பரீட்சையில் நான் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

அதே வேலையைத்தான் அரை மில்லிகிராமில் அது பெருவிரலிலும் செய்கிறது. மூட்டில் படிந்த யூரேட் படிகத்தைக் கண்டு வெள்ளணுக்கள் படையெடுத்து வருவதால்தான் அந்த வீக்கமும் வலியும். நூல் கட்ட முடியாத வெள்ளணுவால் அங்கே நகர்ந்து போய்ச் சேர முடியாது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி இந்த மாத்திரையில் மிகக் குறுகல். சிறுநீரகம் கெட்டவருக்கும், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாதிரி சில மருந்து சாப்பிடுகிறவருக்கும் வழக்கமான அளவே கூடிப்போய்விடும். அதனால்தான் சீட்டில்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்புவேன்.

"அப்புறம் எதுக்குங்கப்பா அதையே நட்டீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று சொல் வாயைவிட்டுப் போனதும் தோன்றியது. அவர் கோபப்படவில்லை. "கெணத்துல தண்ணி இல்ல. அந்த மண்ணுல வேற எது வந்துச்சு? வேலியில தானா மொளைக்கறதுக்குக் காசு குடுக்கறாங்கன்னு யாவாரி வந்து சொன்னான். ஒரு வருசம் வேண்டாம்னு இருந்தேன். ரெண்டாவது வருசம் கடங்காரன் வந்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "மொதக் குழி நானேதான் தோண்டுனேன். ஆள விடல" என்றார்.

அப்பா அந்தச் செடியைக் கண்வலி என்று மட்டும்தான் சொல்வார், கிழங்கு என்று சேர்க்கமாட்டார் என்பது அப்போதுதான் என் நினைவில் தட்டியது. யாவாரியிடமும் கண்வலி, ஆட்களிடமும் கண்வலி. விதைக்கென்று எடுத்து வைக்கும் கிழங்கை "விதை மொதல்" என்பார். கிழங்கு என்றால் தின்கிறது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தோன்றாமல் வேறு என்ன தோன்றும்? பாறாங்கல்லைப் போல எனக்குள் கிடக்கிறது அந்தக் கேள்வி. மாநில மலர் என்று பள்ளிச் சுவரில் வரைகிறோம், புத்தகத்தில் படம் போடுகிறோம். அதன் கீழே, இதைத் தின்றால் செத்துப்போவாய் என்று ஒரு வரி எழுத நமக்கு ஏன் கை வரவில்லை? கண்வலி என்று பேர் வைத்துப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தியவர்கள் நம்மைவிடப் பொறுப்போடு இருந்தார்கள். வேலிகள் போய்க் கம்பி வந்துவிட்டது, பூவைத் தெரிந்த பிள்ளைகளே குறைந்துபோனார்கள். ஆனால் இப்போது அழகுக்கு என்று தொட்டியில் வைத்து மாடியில் வளர்க்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் அப்பா எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். "எத்தனை?" என்றார். ஒன்று என்றேன். விளக்குக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். "இத்துனூண்டு" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். இரண்டாம் நாள் சாயந்திரம் வீக்கம் வடிந்து செருப்புப் போட முடிந்தது. ஒவ்வொரு வேளையும் எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார், நான் ஒன்று என்று சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அட்டையில் ஒன்றுதான் பாக்கி. ராத்திரிக்கு அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, இனி எப்போதாவது திரும்ப வலி வந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போட இன்னோர் அட்டையை அவரிடம் கொடுத்தேன். அலமாரியில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். பேரன் இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. வலித்த காலை மெதுவாக ஊன்றி, ஏணியைச் சாய்த்து, பரண்மேல் ஏறினார். அங்கே ஒரு மரப்பெட்டி உண்டு. வருடா வருடம் விதை மொதலை அதற்குள் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொள்வார். சின்ன வயதில் அந்தப் பூட்டைப் பார்த்து, உள்ளே ஏதோ நகை இருக்கிறது என்று நானும் தம்பியும் நினைத்திருக்கிறோம். பெட்டியைத் திறந்து, அட்டையில் இருந்த பத்து மாத்திரையையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, விதைக்கு மேலே வைத்துப் பூட்டினார்.